ஜெபிக்கக்கூட வாய் வராதவர்கள் வீட்டுக்குப் போகும்போது எதை வாசிப்பது, எதைச் சொல்லாமல் இருப்பது?

சோமனூர்_தறிச்சத்தம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. சோமனூர், பல்லடம், மங்கலம் சுற்றுவட்டாரத்தில் வீடு சந்திப்புக்குப் போகிற குழு ஒன்றுக்காக இதைக் கேட்கிறேன். தறி ஓடாத வீடுகள், 2025-ல் அமெரிக்க வரி ஏறியபோது பனியன் கம்பெனியில் வேலை போய் இன்னும் நிலைக்கு வராத வீடுகள், குழுக்கடன் தவணை கட்ட முடியாத வீடுகள், பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் என்று எல்லாமே பட்டியலில் இருக்கு. "சாமி கும்பிடவே மனசு வரலீங்க" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

பொதுவான ஆறுதல் வசனங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது துல்லியமான விவரம். முதல் சந்திப்பில் எந்தப் பகுதியை வாசிக்கணும்? எவ்வளவு நேரம் உட்காரணும்? எந்த வார்த்தை ரணத்தைக் கிளறும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்க.

பவானிக்கூடல்

முதல் சந்திப்புக்கு 13-ஆம் சங்கீதம். மொத்தம் 6 வசனம்தான். நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிஷத்தைத் தாண்டாது.

ஏன் இது? சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நம் சபைகளில் பாடுவதும் காலண்டரில் அச்சடிப்பதும் மீதி இரண்டு பங்கைத்தான். அதனால் மனசு உடைந்தவர் வேதத்தைத் திறந்தால் தன் குரல் அதில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். முதலில் அவர் குரலை அவருக்கு எடுத்துக் காட்டணும்.

அமைப்பைப் பாருங்க. 1, 2 வசனங்கள் முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. 3, 4 விண்ணப்பம். அதில் "நான் மரணநித்திரை அடையாதபடிக்கு என் கண்களைத் தெளிவாக்கும்" என்று வருகிறது. சாவைப் பற்றிய நினைப்பை வாய்விட்டுச் சொல்ல வேதமே இடம் கொடுக்கிறது என்பதற்கு இந்த ஒரு வரி போதும். 5, 6-ல்தான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறார். 4-க்கும் 5-க்கும் நடுவில் சத்துரு ஒழிந்ததாகவோ, கஷ்டம் தீர்ந்ததாகவோ எதுவும் எழுதியில்லை. நிலைமை அப்படியேதான் இருக்கு. தேவனைப் பார்த்துப் பேசினார், அவ்வளவுதான் நடந்தது.

வாசிக்கும் முறை இது. ஒருவர் மட்டும் வாசிக்கணும், நாலு பேர் சேர்ந்து வேண்டாம். 2-ஆம் வசனம் முடிந்ததும் நிறுத்துங்க. ஒரு நிமிஷமாவது யாரும் பேசக்கூடாது. அந்த ஒரு நிமிஷம் குழுவில் இருப்பவர்களுக்குத்தான் பொறுக்காது. தொண்டையைச் செருமுவார்கள், "அல்லேலூயா" என்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்க. பிறகு, "உங்களுக்கு 'எதுவரைக்கும்'னு கேக்கறதுக்கு ஏதாவது இருக்குங்களா?" என்று மட்டும் கேளுங்க. "எதுவரைக்கும் இந்த வட்டி", "எதுவரைக்கும் இந்தத் தூக்கமில்லாத ராத்திரி" என்று வந்தால், அதுதான் அன்றைய ஜெபம். அதைத் திருத்தாதீங்க, மெருகேற்றாதீங்க. ஒன்றும் வராவிட்டால் 3, 4-ஐ வாசித்துவிட்டு நகருங்க.

5, 6 வசனங்களை அவர் வாயில் திணிக்கக் கூடாது. "இதை இப்போ உங்களுக்காக நாங்க சொல்றோமுங்க, உங்களுக்கு முடியறப்போ நீங்க சொல்லிக்கலாம்" என்று குழு வாசித்தால் போதும். விசுவாசத்தைச் சபை சுமக்கிறது என்பதற்கு அர்த்தமே அதுதான்.

நேரம் 30 நிமிஷம். 45-ஐத் தாண்டினால் அந்த வீட்டம்மாவுக்கு நம்மை உபசரிக்கிற வேலை ஒன்று கூடிப்போகும்.

காங்கேயம்_சாட்சி

மன்னிக்கணும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களுக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணாகமம் 14-ல் இருக்கு. "எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். உடைந்தவரிடம் போய் இன்னும் புலம்பச் சொன்னால் அவர் எழுந்திருப்பாரா? விசுவாச வார்த்தையை அறிக்கையிடச் சொல்லணும். 3 நாள் உபவாசம், குடும்பமாக ராத்திரி ஜெபம், கட்டு அறுபடும். நம்பிக்கை வார்த்தையில்தான் பிறக்கும்.

தாராபுரம்_மறைக்கல்வி

நல்ல கேள்வி, அண்ணா. சபைகளில் நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. எண்ணாகமம் 14-ஐ முழுசாக வாசித்தால் வித்தியாசம் தெரியும். அங்கே ஜனங்கள் மோசேக்கு விரோதமாகத் தங்களுக்குள் பேசுகிறார்கள். 4-ஆம் வசனத்தில் ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்பலாம் என்று தீர்மானமே எடுக்கிறார்கள். தேவனுக்கு முதுகைக் காட்டிப் பேசியது அது. புலம்பல் தேவனுக்கு முகத்தைக் காட்டிப் பேசுவது. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்பவன் இன்னும் "என் தேவனே, என் தேவனே" என்றுதான் ஆரம்பிக்கிறான். 22-ஆம் சங்கீதத்தின் அந்த முதல் வரியைச் சிலுவையில் ஆண்டவரே சொன்னார். அவரை முறுமுறுத்தார் என்று யாராவது சொல்வோமா?

யோபுவின் முடிவையும் பாருங்க. 42:7-ல் கர்த்தருடைய கோபம் யார் மேல் வந்தது? தான் பிறந்த நாளைச் சபித்த யோபுவின் மேல் அல்ல. அழகழகாக வியாக்கியானம் சொன்ன நண்பர்கள் மேல். அந்த நண்பர்களும் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள்: 2:13-ல் 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். கெடுத்தது எல்லாம் வாயைத் திறந்த பிறகுதான்.

இன்னொன்று 88-ஆம் சங்கீதம். அதில் 13-ல் வருகிற மாதிரித் திருப்பமே கிடையாது. சிநேகிதனும் தோழனும் தூரமாகிப் போனார்கள் என்ற இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே சந்திப்பில் ஒருவர் மகிழ்ச்சிக்குத் திரும்பியே ஆகணும் என்கிற கட்டாயம் சங்கீதக்காரனுக்கு இல்லை, நாம் ஏன் வைக்கணும்? ஆனால் 88-ஐ முதல் சந்திப்புக்கு எடுத்துப் போகாதீங்க. தனியாக இருக்கிறவர் கையில் அதை மட்டும் கொடுத்துவிட்டு வருவது சரியில்லை. கூட ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய சங்கீதம் அது.

ஈரோடு_செவிலி

உபவாசம்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியலீங்க. காங்கேயத்து அண்ணன் தப்பா எடுத்துக்காதீங்க.

பசியெடுக்காம, தூக்கம் வராம, எடை குறைஞ்சு கிடக்கறவங்களை உபவாசம் இருக்கச் சொல்லவே கூடாதுங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்களுக்குச் சர்க்கரை படக்குனு இறங்கி மயக்கம் போட்டுடும். மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடறவங்க தண்ணி குடிக்காம இருந்தா ரத்தத்துல அந்த மருந்தோட அளவு ஏறி விஷமாவே மாறலாம். ராத்திரி முழுக்க ஜெபம்கறதும் அப்படித்தான். தூக்கம் கெட்டா சோர்வு இன்னும் கூடும். இருதுருவ நோய் (மனசு ஒரேயடியா ஏறறதும் இறங்கறதுமா இருக்கற பைபோலார்) இருக்கறவங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனாலே நோய் கிளம்பிரும்.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்க. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு "போதும் கர்த்தாவே" னு சாவு கேக்கறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணலீங்க, "ஏன் இப்படிப் பேசறே"னு கண்டிக்கவும் இல்ல. தொட்டு எழுப்பறான். தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் இருக்கு. சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துக்கறார், அதுக்கும் விடறான். ரெண்டாந்தடவையும் சாப்பிட வெச்ச பிறகுதான் பிரயாணம். தேவன் அவர்கிட்டப் பேசறது 40 நாளுக்கு அப்பறம் ஓரேப் மலையில. அந்த வரிசையை மாத்தாதீங்க. சாப்பாடு, தூக்கம், துணை, அப்பறந்தான் பேச்சு. போறப்போ டிபன் கேரியர்ல ரசஞ்சாதமோ இட்லியோ எடுத்துட்டுப் போங்க. பழத்தட்டு கொண்டு போனா அது அப்படியே மேசை மேல கிடக்கும்.

இப்போ முக்கியமானது. மனச்சோர்வு நோய்னு எப்பச் சந்தேகப்படணும்? நாள் பூராவும் மனசு கனத்துக் கிடக்கறது, எதுலயும் பிடிப்பில்லாமப் போறது, இது ரெண்டுல ஒண்ணாவது 2 வாரத்துக்கு மேல தொடர்ந்து இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம், உடம்புத் தெம்பு எல்லாம் கெட்டு, "நான் எதுக்குமே லாயக்கில்ல"ங்கற குற்ற உணர்வும் சேர்ந்தா டாக்டர்கிட்டப் போகணும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு இதெல்லாங்கூட அதே மாதிரி காட்டும். அதனால முதல்ல ரத்தப் பரிசோதனை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலயும் கோவை, பெருந்துறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும் மனநலப் பிரிவு இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில மருந்து இலவசம்.

மாத்திரை ஆரம்பிச்சா பலன் தெரிய 2-லிருந்து 4 வாரம் ஆகும். முதல் வாரத்துல குமட்டல், தலைவலி, படபடப்பு வரலாம். அங்கதான் நிறையப் பேர் "இது ஆகலை, ஜெபமே போதும்"னு நிறுத்திடறாங்க. சரியான பிறகும் வழக்கமா ஆறு மாசமாவது தொடரச் சொல்லுவாங்க. திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், பழைய நோயே திரும்பறதுன்னு எல்லாம் வரும். "விசுவாசம் இருந்தா மாத்திரையைத் தூக்கிப் போடு"னு யாரு சொன்னாலும், அது எவ்வளவு பெரிய ஊழியக்காரரா இருந்தாலும், கேக்க வேண்டாம்னு குழுவே தெளிவாச் சொல்லணும்.

குடியும் அப்படித்தான். தினமும் நிறையக் குடிக்கறவரை ஜெபக் கூட்டத்துல "இன்னையோட விட்டேன்"னு பொருத்தனை பண்ண வெச்சுட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. 6-லிருந்து 48 மணி நேரத்துக்குள்ள கை நடுக்கம், வேர்வை, வலிப்பு வரலாம். அதுக்கப்பறம் ஆள் குழம்பிப் போய்க் காய்ச்சலும் வந்தா உயிருக்கே ஆபத்து. பொருத்தனை நல்லதுதானுங்க, அதை ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நிறைவேத்தட்டும்.

சோமனூர்_தறிச்சத்தம்

அக்கா, ரொம்ப நன்றிங்க. ஒன்று நேராகவே கேட்கிறேன். சாகணும்னு நினைப்பு இருக்கானு கேட்டால், இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கின மாதிரி ஆகாதுங்களா?

ஈரோடு_செவிலி

ஆகாதுங்க. கேக்கறதுனால அந்த நினைப்பு வர்றதில்ல. ஏற்கெனவே இருந்தா, ஒருத்தராவது கேட்டாங்களேனு பாரம் குறையும். எல்லாரு முன்னாடியும் கேக்காதீங்க. ஒருத்தர் மட்டும் தனியா, மெல்லமா, "இவ்ளோ கஷ்டத்துல, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?"னு அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்க. "தப்பா ஏதும் நெனைக்கலையே?"னு கேட்டா "இல்லீங்க"னுதான் பதில் வரும்.

ஆமான்னு சொன்னா பதறாதீங்க, வசனத்தைத் தூக்கிட்டு ஓடாதீங்க. அடுத்தது, "எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா, எப்போனு?" அதுக்கும் ஆமான்னா அன்னைக்கு அவரைத் தனியா விடக் கூடாது. குழுவுல ஒருத்தராவது அங்கயே இருக்கணும். வீட்டுல இன்னொரு பெரியவருக்குச் சொல்லி, தோட்டத்து மருந்து, மிச்ச மாத்திரை எல்லாத்தையும் அன்னைக்கே வேற வீட்டுக்கு மாத்திடணும். "ஒளிச்சு வெச்சுட்டோம்"கறது போதாது, அதே வீட்டுல இருக்கக் கூடாது. 14416 டெலி-மானஸ், அரசாங்கத்து மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசுவாங்க, காசில்ல. 104-லயும் ஆலோசனை கிடைக்கும். மருந்தைக் கையில எடுத்துட்டார்னா 108.

ரொம்ப நாளாக் கலங்கிக் கிடந்தவர் திடீர்னு அமைதியாயி, கணக்கு வழக்கெல்லாம் முடிச்சு, பொருளை எடுத்து மத்தவங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சா, "ஜெபம் கேக்கப்பட்டுச்சு"னு சந்தோசப்பட்டுராதீங்க. அன்னைக்குத்தான் கூட இருக்கணும்.

முயற்சி பண்ணிப் பிழைச்சவங்க போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாம இருப்பாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115-ஆம் பிரிவு, அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. பயப்படாமக் கூட்டிட்டுப் போங்க.

காங்கேயம்_சாட்சி

உபவாசம் பற்றியும் குடி பற்றியும் சகோதரி எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். வார்த்தையில் நம்பிக்கை பிறக்கும் என்பதை மட்டும் விடமாட்டேன். அப்படியானால் எரேமியா 29:11-ஐக் கொடுக்கலாமே? "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று இருக்கிறதே.

தாராபுரம்_மறைக்கல்வி

கொடுக்கலாம் அண்ணா, ஆனால் 10-ஆம் வசனத்தோடு சேர்த்துக் கொடுங்க. அந்த வாக்கு பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதின கடிதம். 10-ல் 70 வருஷம் என்று இருக்கு. கேட்டவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போக உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் 5-லிருந்து 7 வரை என்ன சொல்கிறார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் மாறும் என்று அந்தச் சமயத்தில் சொல்லித் திரிந்தவன் 28-ஆம் அதிகாரத்து அனனியா. அவனைத்தான் பொய்த் தீர்க்கதரிசி என்கிறார் எரேமியா.

குழுவில் எல்லாரும் இதில் ஒரே முடிவாக இருக்கணும்: "அடுத்த மாசத்துக்குள்ள கடன் அடைஞ்சிரும்", "ஆர்டர் வந்துரும்", "வயித்துல பிள்ளை தங்கிரும்" என்று நாள் குறித்து வாக்குக் கொடுக்கவே கூடாது. நடக்காமல் போனால் அந்த வீட்டில் உடைவது நம் பேச்சின் மேல் உள்ள நம்பிக்கை மட்டுமல்ல, ஆண்டவர் மேல் உள்ளதும். கிறிஸ்தவ நம்பிக்கையின் அஸ்திவாரம் 1 கொரிந்தியர் 15. கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது மாறாது. ஈஸ்டர் அன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை வைக்கிற சபைகள் இந்தப் பக்கம் இருக்கின்றன. செத்தவர்கள் பெயர் பொறித்த கல்லுக்கு நடுவில் நின்று "உயிர்த்தெழுந்தார்" என்று சொல்லும்போது, எதை நம்புகிறோம் என்பது எல்லாருக்கும் விளங்கும்.

ரோமர் 5:3-5-ஐயும் அவசரத்துக்கு எடுக்காதீங்க. உபத்திரவம், பொறுமை, பரீட்சை, அதற்கப்புறம்தான் நம்பிக்கை. பாதிப்பேர் முதல் வார்த்தையிலிருந்து நேராக நாலாவதுக்குத் தாவச் சொல்கிறார்கள்.

பல்லடம்_வழிப்போக்கர்

இதோடு ஒரு வரலாறு. ஸ்பர்ஜன் என்ற பெரும் பிரசங்கியார், 1856 அக்டோபர் 19, லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபம். கூட்டத்தில் யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அதிலிருந்து கடைசி வரைக்கும் மனச்சோர்வு அவரை விட்டு விட்டுத் தாக்கியது. அவர் அதை மறைக்கவில்லை. ஊழியத்துக்குப் படிக்கிற மாணவர்களுக்கு அதைப் பற்றியே தனி உரை கொடுத்தார். மனச்சோர்வு என்றால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

கருமத்தம்பட்டி_ஜெபமாலை

கத்தோலிக்கர் வீடுகளுக்கும் போவீர்கள் என்றால் சில விவரங்கள்.

தானாக ஜெபிக்க வார்த்தை வராதபோது, ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பது உதவும். 53 மணி ஜெபமாலை முழுவதையும் சொல்லணும் என்றில்லை. ஒரு பத்து மணி மட்டும் சொன்னால் மூன்று நாலு நிமிஷம்தான். செவ்வாயும் வெள்ளியும் துயர மறைபொருள்கள், அதாவது ஆண்டவரின் பாடுகளைத் தியானிப்பது. அதில் முதலாவது கெத்சமனித் தோட்டம். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று ஆண்டவர் சொன்ன இடம். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டாலும் சரி. நீங்கள் முதல் பாதியைச் சொல்லுங்க, அவர் இரண்டாம் பாதியைச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் மணியை விரலால் நகர்த்தினால் போதும்.

நோயில்பூசுதல் (நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிப்பது) என்றாலே சாகப் போகிறவருக்கு என்ற பயம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கு. கடுமையாக நோயுற்றவர் யாரும் பெற்றுக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குருவானவர் யாரிடமும் வெளியிட முடியாது. வெளியில் வாய் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்க.

தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டில் முதலில் வருகிற கேள்வி, "அடக்கப் பூசை வைப்பாங்களா? ஆன்மா என்ன ஆகும்?" திருச்சபையின் பழைய சட்டத்தில் மறுப்பு இருந்தது. 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் அவர்கள் இல்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2282-லும் 2283-லும், கடும் மனக்கோளாறும் பெரும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய நித்திய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகச் செபிக்க வேண்டும் என்றும் இருக்கு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று அவர்கள் கல்லறைக்கும் மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்று ஒரு அம்மா தயங்கி நின்றால், முதல் திரியை நீங்களே ஏற்றிக் கொடுங்க.

பவானிக்கூடல்

சிஎஸ்ஐ, மற்ற சபை வீடுகளுக்கு இதே கேள்வி வந்தால் ரோமர் 8:38, 39. "மரணமானாலும், ஜீவனானாலும்" என்று பட்டியல் போட்டு, எதுவும் கிறிஸ்துவின் அன்பைவிட்டுப் பிரிக்காது என்கிறார் பவுல். அந்தப் பட்டியலில் மரணம்தான் முதலில் நிற்கிறது. "நரகத்துக்குத்தான் போயிருப்பார்" என்று ஒருவர் வாயிலிருந்தும் வரக்கூடாது.

கோவை_வரவுசெலவு

கடன் விஷயத்தை யாரும் எழுதவில்லை. இந்த ஊர்ப்பக்கம் நம்பிக்கை போகிறதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஜெபம் முடிந்ததும் ஒரு நோட்டும் பேனாவும் எடுங்க. யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை என்றைக்கு, இந்த நாலையும் கோடு போட்டு எழுதுங்க. தலைக்குள் சுற்றுகிறபோது மலை மாதிரி இருந்தது, தாளில் எழுதினால் ஒன்பது வரியோ பத்து வரியோ ஆகிவிடும். புருஷனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் புருஷனும் வாங்கின கடன் அப்போதுதான் வெளியே வரும். அதனால் சண்டை வராதபடி ஒரு பெரியவர் கூட இருக்கட்டும்.

குழுக்கடன் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதி: காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பிறகும் வசூலுக்கு வந்தோ போன் செய்தோ தொந்தரவு பண்ணக் கூடாது. மிரட்டல், கெட்ட வார்த்தை, சொந்தக்காரரை நச்சரிப்பது எல்லாம் தடை. ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடிதான் கடனே கொடுக்கணும். மீறினால் முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், விசாரிக்க 14448. கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் இருக்கு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுக்கலாம். இலவச வக்கீலுக்கு 15100.

கடன் அடைக்கிறேன் என்று குழுவில் ஒருவர் தன் பணத்தை எடுத்துக் கொடுப்பதை நான் தடுப்பேன். அடுத்த சந்திப்பில் அந்த வீட்டார் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். உதவி சபையின் ஏழைகள் நிதியிலிருந்து, கமிட்டி வழியாக, அரிசியாகவோ பள்ளிக் கட்டணமாகவோ போகட்டும்.

இதைக் கோபத்தோடேயே எழுதுகிறேன்: அந்த வீட்டில் காணிக்கை வாங்காதீங்க. "விதைத்தால் அறுப்பாய்" என்று கடன்காரக் குடும்பத்தின் கடைசி 500 ரூபாயை வாங்குவது பாவம். "இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே" என்று 2 கொரிந்தியர் 8:12-ல் இருக்கு. அவர்களே நீட்டினாலும் கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்க.

தாராபுரம்_மறைக்கல்வி

கிறிஸ்தவரல்லாத வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். "நாங்க ஜெபம் பண்ணலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடணும். "வேண்டாமுங்க" என்றால், காபி குடித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாங்க. சாப்பாடு, ஆஸ்பத்திரி, கடன் நோட்டு எல்லாம் அவர்களுக்கும் அப்படியே. உடைந்து கிடக்கிற நேரத்தில் மதம் மாறச் சொல்லிப் பேசுவது அந்த மனுஷருக்குச் செய்யும் அநியாயம்.

சோமனூர்_தறிச்சத்தம்

எந்த நாள், எவ்வளவு இடைவெளி என்பதையும் சொல்லிவிடுங்க. வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்கும் என்ன செய்யலாம்?

பவானிக்கூடல்

சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். சம்பள நாள், கடன்காரரும் அன்றைக்குத்தான் வருவார்கள். ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிறவர் வீட்டுக்கு வர ராத்திரி 9 ஆகிவிடும். ஞாயிறு மதியம் 3 மணிக்கு மேல் தோதாக இருக்கும். முதல் சந்திப்புக்குப் பிறகு மூன்றாம் நாள் ஒரு போன், ஏழாம் நாள் மறுபடி நேரில். அதற்கப்புறம் வாரம் ஒரு தடவை, குறைந்தது மூன்று மாசம். துக்க வீட்டுக்கு முதல் வாரம் ஊரே வரும், மூன்றாம் வாரம் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் போக வேண்டியது அப்போதுதான். நினைவுநாள், கிறிஸ்துமஸ், இறந்தவரின் பிறந்தநாள் மூன்றையும் நோட்டில் குறித்து வையுங்க. நாலு பேரும் போக வேண்டாம், இரண்டு பேர் போதும். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு அக்காவாவது போகணும். அங்கே கேட்டது குழுவின் ஜெபக் குறிப்பாகக்கூட வாட்ஸ்அப்பில் வரக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு 13-ஆம் சங்கீதத்தை அவர்களுக்குப் பழக்கமான குரலில், பேரனோ பேத்தியோ, போனில் பதிவு செய்து கொடுங்க. பின்னணி இசை வேண்டாம். மூச்சோடு சொல்கிற சின்ன ஜெபம் ஒன்றும் சொல்லிக் கொடுங்க: மூச்சு இழுக்கும்போது "கர்த்தாவே", விடும்போது "இரங்கும்". விசுவாசமே இல்லை என்கிறவருக்கு மாற்கு 9:24, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அந்தத் தகப்பன் அரைகுறை விசுவாசத்தோடுதான் வந்தான், பிள்ளை சுகமாயிற்று.

வடமாநிலத்துப் பிள்ளைகளுக்கு இந்தி வேதாகமத்தில் சங்கீதம் 'பஜன் சம்ஹிதா' என்ற பெயரில் இருக்கும். எண் அதே 13. 14416-லும் இந்தியில் பேசலாம். அவர்களுக்கு இங்கே வீடே இல்லை என்பதால், சங்கீதத்தைவிட முதலில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வீடு தேவைப்படும்.

காங்கேயம்_சாட்சி

எங்கள் பக்கத்திலும் ஒரு குழு இருக்கு. இந்த இழையை அவர்களுக்கு அனுப்புகிறேன். காங்கேயத்திலிருந்து தாராபுரம் ரோட்டுப் பக்கம் உள்ள வீடுகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு மதியம் இரண்டு பேர், டிபன் கேரியரோடு. உபவாசத்தை வீட்டார் மேல் வைக்கவில்லை, போகிற நாங்கள் இருந்துகொள்கிறோம்.

ஈரோடு_செவிலி

அண்ணா, அது ரொம்ப நல்லதுங்க. குழுவுல சர்க்கரை இருக்கறவங்க மட்டும் சாப்பிட்டுட்டே வரட்டும். சோமனூர் தம்பி, 13-ஆம் சங்கீதத்தைப் பெரிய எழுத்துல ஒரே பக்கத்துல அச்சடிச்சு, பின்பக்கத்துல 14416, 104, 108, பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு என்னைக்கு, எத்தனை மணிக்குங்கறது, குழுவுல ஒருத்தர் போன் நம்பர், இதையும் போடுங்க. அந்த ஓபி நேரத்தை ஆஸ்பத்திரியில நேர்ல கேட்டு எழுதுங்க, பழைய நோட்டீசைப் பாத்துப் போட்டுடாதீங்க.

சோமனூர்_தறிச்சத்தம்

சரிங்கக்கா. நாளைக்கே போய்க் கேட்டுட்டு வந்து, அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி இங்க போடறேன். பாத்துச் சொல்லுங்க.